தயிர்க் கடைக்கு ஒரு கேம் செய்வதா, கேமுக்குள் விளம்பரம் போடுவதா? (களுவாஞ்சிக்குடி - கல்முனை)

பட்டிருப்புப்_பாலம் கேட்டது:

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் ஒரு தயிர்க் கடைக்கும் அதன் கல்முனைக் கிளைக்கும் விளம்பர வேலை செய்கிறேன். எருமைத் தயிர்தான் முக்கியம், சட்டியில் போகிறது. கூடவே நெய், மோர். பால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருகிறது. நோட்டீஸ், முகநூல் எல்லாம் பார்த்தாயிற்று. "பொடியன்மார் முழு நேரமும் கேமுக்குள்ளதானே கிடக்கிறாங்கள், அங்க நம்மட பேரைப் போடு" என்கிறார் முதலாளி. கையில் 75,000 ரூபாய், காலம் இரண்டு மாதம்.

யோசித்து வைத்திருப்பது மூன்று வழி. போனில் விளையாடும் இலவச கேம்களுக்குள் கூகுள் மூலம் விளம்பரம் போடலாம். நாங்களே ஒரு சின்ன கேம் செய்து, வென்றவர்களுக்குக் கூப்பன் கொடுக்கலாம். அல்லது ஊரில் நடக்கும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போட்டி ஒன்றுக்கு அனுசரணை செய்யலாம். எது சரிவரும்? எதில் எங்கே பிழைக்கும்? கூப்பன் கள்ளத்தனமாகப் பரவாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? கேமால்தான் ஆள் வந்தார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாவிக்கரை பதில்:

கேமுக்குள் கிடப்பது பிள்ளைகள். தயிர்ச் சட்டிக்குக் காசு எடுத்துக் கொடுப்பது அம்மாவும் அப்பாவும். முதல் வழியில் காசு போய் விழும் பள்ளம் இதுதான். கூகுள் அட்ஸில் நீங்கள் "வயது 25 முதல் 44" என்று தேர்ந்தெடுப்பீர்கள். போன் அம்மாவுடையது, கணக்கும் அம்மாவுடையது, ஆகவே கூகுள் அவரைச் சரியாகத்தான் கண்டுபிடிக்கும். ஆனால் அந்த நேரம் போனைக் கையில் வைத்திருப்பது ஆறு வயதுப் பிள்ளை. பலூன் உடைக்கும் கேமில் விளம்பரம் குறுக்கே வந்ததும் பிள்ளை மூடும் குறியைத் தேடி நாலு இடத்தில் தட்டும். அதில் ஒரு தட்டு உங்கள் கிளிக்.

கணக்காகப் பாருங்கள். ஒரு கிளிக் 6 ரூபாய் என்று வைத்தால் 30,000 ரூபாய்க்கு 5,000 கிளிக். அதில் 3,000 தவறிப் பட்டது என்றால் மிச்சம் 2,000. நூற்றுக்கு மூன்று பேர் கடைக்கு வந்தால் 60 பேர், தலைக்கு 500 ரூபாய். ஒரு சட்டியில் அவ்வளவு இலாபம் நிற்காது. இந்த எண்களை உங்கள் கணக்கில் வரும் எண்களால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், விகிதம் புரியும்.

அப்படியும் செய்வதென்றால் இந்த அமைப்புகளைக் கட்டாயம் பாருங்கள். இடத் தெரிவில் கூகுள் இயல்பாக வைத்திருப்பது "இந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது இந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்" என்பது. அதை "இருப்பவர்கள்" என்று மட்டும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் லண்டனிலும் டொராண்டோவிலும் இருந்துகொண்டு ஊரைத் தேடிப் பார்க்கும் நம்மட ஆட்களுக்கும் விளம்பரம் போகும், அவர்களால் ஒரு சட்டியும் வாங்க முடியாது. களுவாஞ்சிக்குடியைச் சுற்றி வட்டம் போட்டால் கிழக்கே பாதி கடல். வட்டத்தைச் சின்னதாக்கி, மட்டக்களப்புப் பக்கம் ஒன்று, கல்முனைப் பக்கம் ஒன்று என்று இரண்டாக வையுங்கள். தானாக ஆட்களை விரிவாக்கும் தெரிவை நிறுத்துங்கள். ஆப் வகைகளில் சிறுவர் கேம்களை விலக்குங்கள். மூன்று நாளைக்கு ஒரு தரம் எந்த ஆப்பில் விளம்பரம் ஓடியது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். கிளிக் நிறைய இருந்து, உங்கள் பக்கத்தில் நின்ற நேரம் இரண்டு செக்கனுக்குக் குறைவாக இருந்தால் அந்த ஆப்பை வெட்டிவிடுங்கள்.

கேமுக்குள் வீதியோரப் பலகையில், மைதானச் சுற்றில் வரும் விளம்பரம் வேறு வகை. 2008இல் ஒபாமாவின் தேர்தல் பிரசாரம் பர்ன்அவுட் பரடைஸ் கார்ப் பந்தய கேமின் வீதிப் பலகையில் ஓடியது, அதுவும் தெரிந்தெடுத்த 10 மாநிலங்களில் விளையாடியவர்களுக்கு மட்டும். இணைய இணைப்பு உள்ள கேமில் பலகையை ஊருக்கு ஏற்ப மாற்றலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் அந்த இடங்கள் விளம்பர வலையமைப்புகள் வழியாக மொத்தமாகத்தான் விற்பனையாகின்றன. 75,000 ரூபாயோடு அந்தப் பக்கம் போக வேண்டாம். யாராவது கமிஷனுக்கு எடுத்துத் தருவதாகச் சொன்னால், "பார்த்தார்கள்" என்று எதை எண்ணுகிறீர்கள் என்று கேளுங்கள். அமெரிக்க இணைய விளம்பரத் துறைச் சங்கத்தின் (ஐஏபி) 2009 விதிமுறையில் கூட்டிப் பார்த்து 10 செக்கன் கண்ணில் பட வேண்டும். 2022இல் அதை மாற்றி, விளம்பரத்தின் பாதி தொடர்ந்து ஒரு செக்கன் திரையில் இருந்தாலே போதும் என்றார்கள். அந்த ஒரு செக்கனுக்குள் ஓடுகிற காரிலிருந்து "எருமைத் தயிர், களுவாஞ்சிக்குடி" என்று வாசித்து முடிக்க ஏலாது.

மருதமுனை_கோட் பதில்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாவிக்கரை சொன்ன கணக்கோடு நான் முழுக்க உடன்படுகிறேன். என்னுடைய தெரிவு இரண்டாவது வழி, நீங்களே ஒரு கேம் செய்வது. ஆனால் எல்லாரும் செய்யும் கேமைச் செய்ய வேண்டாம். மேலேயிருந்து தயிர்ச் சட்டி விழும், கூடையால் பிடிக்க வேண்டும், கூடையில் கடைப் பேர் இருக்கும். அதைச் சட்டிக்குப் பதில் செருப்பு என்று மாற்றினாலும் அதே கேம்தான். ஆடுபவர் கையால் செய்ததில் தயிரைப் பற்றி ஒன்றும் இல்லை.

கேமின் வற்புறுத்தும் பலம் அதன் விதியில் இருக்கிறது. இயன் போகோஸ்ட் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார்: படமும் சொல்லும் ஒரு வாதத்தைச் சொல்வதுபோல, கேமின் விதிகளும் ஒரு வாதத்தைச் சொல்கின்றன. "இப்படிச் செய்தால் இது நடக்கும்" என்பதை ஆடுபவர் தானே செய்து ஒத்துக்கொள்கிறார். 1983இல் கொக்கா கோலா தன் விற்பனை ஆட்களுக்காக அடாரியில் ஒரு கேம் செய்வித்தது, மொத்தம் 125 பிரதிதான். எதிரிகளாக வந்தவை போட்டி நிறுவனத்தின் பெயர் எழுத்துகள். சுடு என்பது விதி, போட்டிக்காரனை வெல்லு என்பது செய்தி. தனியாக ஒரு வசனம் தேவைப்படவில்லை.

உங்கள் கடைக்கு என்ன விதி? எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதமளவு, பசுப்பாலில் 4 வீதமளவு. மண்சட்டி நீரை உறிஞ்சும். உறைய வைத்த பிறகு அசைக்கக் கூடாது. இந்த மூன்றும்தான் கெட்டித் தயிரின் காரணம், மூன்றையும் விதியாக்கலாம். ஆட்டம் 45 செக்கன், மூன்று கட்டம்.

முதல் கட்டத்தில் பால் காய்ந்து இறங்குகிறது, வெப்பமானி முள் கீழே வருகிறது. 42 பாகையை ஒட்டித் தட்டினால் உறை சரியாக விழும். 55இல் தட்டினால் உறைமோரில் உள்ள கிருமி செத்துவிடும், பால் பாலாகவே இருக்கும். 30இல் தட்டினால் உறைய நேரம் காணாது. இரண்டாம் கட்டத்தில் பிளாஸ்டிக் கோப்பை, மண்சட்டி இரண்டில் ஒன்றில் ஊற்ற வேண்டும். மூன்றாவதுதான் கேமின் உயிர்: ஒரு விரலைத் திரையில் வைத்து, எடுக்காமல், அசைக்காமல் 12 செக்கன் பிடிக்க வேண்டும். திரையில் பூனை ஓடும், காகம் கத்தும், பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை "உறைஞ்சிட்டா?" என்று கேட்கும். விரல் நகர்ந்தால் சட்டியில் நீர் பிரிகிற கோடு ஒன்று வரும். கடைசியில் சட்டியைச் சரித்துக் காட்டுங்கள், நன்றாக உறைந்திருந்தால் தயிர் விழாமல் நிற்கும். அந்த ஒரு காட்சி போதும். கடைப் பேர் அதற்குப் பிறகு வரட்டும். தொடக்கத்தில் மூன்று செக்கன் சின்னத்தைக் காட்டிக் காத்திருக்க வைத்தால் அங்கேயே மூடிவிடுவார்கள்.

தொழில்நுட்பம்: ஆப் வேண்டாம். ஒரு கூப்பனுக்காக யாரும் ஆப் இறக்க மாட்டார்கள். பிரவுசரிலேயே ஓடும் எச்டிஎம்எல்5 கேமாக, வாட்ஸ்அப் லிங்கில் திறப்பதாக இருக்கட்டும். அதைச் செய்ய ஃபேசர் அல்லது ஜிடிவெலப் என்ற கருவி போதும். எல்லாம் சேர்த்து 3 எம்பிக்குள் நிறுத்துங்கள். படங்களை வெப்பி (WebP) வடிவில் போடுங்கள், ஒலி மோனோவில் இருக்கட்டும்.

தமிழ் எழுத்தில் தவறாமல் வரும் பிழை ஒன்று உண்டு. யுனிட்டி என்ற கேம் கருவியின் வழமையான எழுத்துக் கருவியில் "கெட்டி" என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைப் படமாக வைத்திருக்கும் பிட்மேப் எழுத்துருவிலும் அதே கதை. ஃபேசரில் சாதாரண டெக்ஸ்ட் பொருளைப் பாவித்தால் பிரவுசரே எழுத்தைக் கோர்க்கும், சரியாக வரும். ஆனால் எழுத்துரு இறங்கி முடியும் முன் திரையில் எழுதினால் போனில் உள்ள வேறு எழுத்துருவில் பதிந்து, பெட்டிக்கு வெளியே வழியும். எழுத்துரு வந்துவிட்டதா என்று காத்திருந்து பிறகு கேமைத் தொடக்குங்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு விழுவதுபோல் காட்டும் அலங்காரம் தமிழுக்கு வேண்டாம், "கொ" பாதியில் உடைந்து தெரியும்.

சத்தம் முதல் தட்டுக்குப் பிறகுதான் வரும், பிரவுசர் அதற்கு முன் விடாது. ஆகவே தொடக்கப் பொத்தான் கட்டாயம்.

அக்கரைப்பற்று_கேஸ்டர் பதில்:

போட்டி அனுசரணை பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் பரவ நல்ல வழி, தயிர் விற்க மெதுவான வழி. பார்ப்பவர்கள் பெரும்பாலும் 15 முதல் 25 வயது ஆண்கள். வீட்டுக்குச் சட்டி வாங்குவது அவர்கள் வேலை அல்ல, ஆனால் மோர்ப் பக்கற் அவர்கள் வாங்குவார்கள். ஆகவே அனுசரணை செய்தால் தயிரை விட்டு மோரை முன்னால் வையுங்கள்.

செய்வதென்றால் முதலில் கேம் வெளியீட்டாளரின் சமூகப் போட்டி விதிகளை வாசியுங்கள். நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, எந்த வகை அனுசரணையாளர் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏற்பாட்டாளரிடம் "சின்னம் போடுகிறோம்" என்ற சொல்லை மட்டும் வாங்காதீர்கள். எங்கே, எவ்வளவு நேரம் என்று எழுத்தில் வாங்குங்கள். சிறுவரைபடத்தின் மேலும், யார் யாரை வீழ்த்தினார் என்று ஓடும் பட்டியலின் மேலும் சின்னம் வந்தால் பார்ப்பவர் எரிச்சல்படுவார், அந்த எரிச்சல் உங்கள் பேரோடு ஒட்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் இடைவேளையில் முழுத் திரையாக 15 செக்கன் கேட்டு வாங்குவது நல்லது. நேரலை 720பி, 30 பிரேம் என்றால் ஏற்றும் வேகம் நிலையாக 4 எம்பிபிஎஸ் போதும். 1080பி என்று ஆசைப்பட்டு நடுவில் நின்றுபோவதைவிட அது எவ்வளவோ மேல். கரண்ட் போனால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் வைத்தால் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு வையுங்கள்.

சம்மாந்துறை_வாசகி பதில்:

மருதமுனை_கோட் சொன்ன கேம் எனக்குப் பிடித்திருக்கிறது, அது தயிரைப் பற்றி உண்மையைச் சொல்கிறது. ஆனால் முடிவில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். கூப்பன் என்றதும் எல்லாரும் சுழல் சக்கரம் வைப்பார்கள். வேண்டாம். கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறைப் பக்கத்தில் வாடிக்கையாளர் பலருக்கு அது சூது. ஹராம் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் கடையின் நல்ல பேர் போய்விடும். மார்க்கத்தை ஒரு பக்கம் வைத்தாலும், சக்கரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது "இன்னொரு தரம் சுற்று" என்ற பழக்கத்தை. தயிர் உறையப் பொறுமை வேண்டும் என்று 45 செக்கன் காட்டிவிட்டு முடிவில் அதைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஆடி முடித்த எல்லாருக்கும் ஒரே கழிவு கொடுங்கள்.

எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளால் விளம்பரத்தின் நோக்கம் தம்மை வாங்க வைப்பது என்று பிரித்தறிய முடியாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இலேயே அறிக்கை கொடுத்தது. தொலைக்காட்சியில் விளம்பரம் தனியாக வரும். கேமில் விளையாட்டே விளம்பரம், பிள்ளைக்கு எல்லை தெரியாது. ஆகவே முதல் திரையிலேயே "இது இன்ன கடையின் விளம்பர விளையாட்டு" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். "அம்மாவிடம் கேள், வாங்கித் தரச் சொல்" என்ற மாதிரி ஒரு சொல்லும் வேண்டாம். போலி நேரக் கணிப்பும் வேண்டாம். "இன்னும் 5 நிமிடத்தில் முடிகிறது" என்று காட்டிவிட்டு நாளைக்கும் அதையே காட்டுவது பொய். எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் சட்டம் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. கேமுக்குள் செய்தாலும் வியாபாரம் வியாபாரம்தான். முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

தொலைபேசி இலக்கம் கேட்காதீர்கள். "பிறகு எஸ்எம்எஸ் அனுப்பலாம்" என்று தோன்றும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, எதற்காகத் தரவு சேர்க்கிறீர்கள் என்று சொல்லவும் அதைக் காக்கவும் வேண்டும் என்கிறது அது. உங்கள் கடைக்கு அந்தப் பட்டியல் தேவையே இல்லை. சேர்க்காத இலக்கம் களவு போகாது. பெரிய நிறுவனங்களுக்கே இது எவ்வளவு செலவு வைத்தது என்று பாருங்கள்: ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் நிறுவனம் 2022இல் அமெரிக்காவில் 520 மில்லியன் டொலருக்கு இணங்கியது. 275 மில்லியன் பிள்ளைகளின் தரவு விடயத்துக்கு, 245 மில்லியன் ஏமாற்றுப் பொத்தான்களால் தெரியாமல் வாங்க வைத்ததற்கு.

பட்டிருப்புப்_பாலம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சக்கரம் போட்டுத்தான் யோசித்திருந்தேன், எடுத்துவிட்டேன். கேம் செய்வதென்று முடிவு. ஆடி முடித்தவர் எல்லாருக்கும் ஒரு சட்டிக்கு 50 ரூபாய் கழிவு. ஆனால் ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நூறு பேர் காட்டிக்கொண்டு வருவார்களே? கியூஆரைச் சட்டியிலேயே ஒட்டலாமா?

மருதமுனை_கோட் பதில்:

ஸ்கிரீன்ஷொட்டைத் தடுக்கப் பார்க்காதீர்கள், அதைப் பயனற்றதாக்குங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிவிலும் ஆறு எழுத்தில் ஒரு குறியீடு. அதைப் போனுக்குள் உருவாக்கக் கூடாது, கேமின் நிரலைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு பொடியன் போதும், ஆயிரம் குறியீடு எடுப்பான். கூகுள் ஷீட்டில் 2,000 குறியீட்டை முன்னமே போட்டு வையுங்கள். ஷீட்டோடு சேர்ந்து ஓடும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற நிரல் வசதி அதிலிருந்து பாவிக்காத ஒன்றை எடுத்துக் கொடுக்கட்டும். ஒரே நேரத்தில் இருவர் முடித்தால் ஒரே குறியீடு இருவருக்கும் போகும், ஆகவே ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லொக் சேவையைக் கட்டாயம் பாவியுங்கள். கேமிலிருந்து தகவலை ஜேசன் (JSON) வடிவம் என்று சொல்லி அனுப்பினால் பிரவுசர் முன் அனுமதி கேட்கும், ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அதற்குப் பதில் சொல்லாது, கோரிக்கை விழுந்துவிடும். சாதாரண டெக்ஸ்ட் என்று அனுப்பினால் போகும். இந்த ஒரு இடத்தில் ஆட்கள் இரண்டு நாள் மண்டையை உடைப்பதுண்டு.

குறியீட்டில் பூச்சியமும் ஓ எழுத்தும், ஒன்றும் ஐ எழுத்தும் சேர்க்காதீர்கள். கடையில் நிற்பவர் தன் போனில் ஷீட்டைத் திறந்து, தேடி, "பாவித்தது" என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். பக்கத்தில் எந்தக் கிளை, எத்தனை சட்டி என்று இரண்டு நெடுவரிசை. அதே குறியீட்டோடு இரண்டாவதாக வருபவருக்குக் கழிவு இல்லை என்பதைக் கேமிலேயே எழுதிவிடுங்கள், "முதலில் காட்டுபவருக்கே" என்று. பிறகு யாரும் பகிர மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல்: முகநூல் லிங்கைத் தட்டினால் முகநூலின் உள் பிரவுசரில் திறக்கும். அங்கே சேமித்த குறியீடு பிறகு குரோமில் திறந்தால் இருக்காது. "ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள்.

கியூஆர் சட்டியில் வேண்டாம். சட்டி ஈரம் கசியும், ஸ்டிக்கர் கழன்றுவிடும், வளைவில் சதுரம் கோணலாகிக் கமராவுக்குப் பிடிபடாது. மேலே மூடிக் கட்டும் கடதாசியில் அச்சடித்தாலும் நடுவில் அச்சடியுங்கள், நூல் கட்டும் ஓரத்தில் சுருங்கும். 3 சதமமீற்றர் சதுரம், சுற்றிலும் வெள்ளை இடம், கறுப்பு மை. பழுப்புக் கடதாசியில் சிவப்பு மையால் அடித்தால் வடிவாக இருக்கும், ஸ்கேன் ஆகாது. கியூஆருக்குள் நீளமான லிங்க் போட்டால் கட்டங்கள் பொடியாகும், குறுகிய லிங்க் போடுங்கள். மூடிக்கு ஒன்று, கல்லாவுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று என்று மூன்று வேறு லிங்க் இருந்தால் எது ஆளைக் கொண்டுவந்தது என்று ஷீட்டிலேயே தெரியும்.

வாவிக்கரை பதில்:

அதோடு ஒன்று. முதல் இரண்டு கிழமை களுவாஞ்சிக்குடியில் மட்டும் ஓட விடுங்கள், கல்முனையில் வேண்டாம். இரண்டு கடையின் நாளாந்த விற்பனையையும் எழுதி வையுங்கள், தொடங்குவதற்கு முந்திய இரண்டு கிழமையையும் சேர்த்து. களுவாஞ்சிக்குடியில் 20 சட்டி கூடி, கல்முனையிலும் அதே அளவு கூடியிருந்தால் அது கேம் கொண்டுவந்த விற்பனை அல்ல, கலியாண வீடோ பெருநாளோ கொண்டுவந்தது. குறியீடு 200 பாவிக்கப்பட்டு விற்பனை கூடவே இல்லை என்றால், எப்படியும் வாங்க இருந்தவர்களுக்கு 10,000 ரூபாய் கழித்துக் கொடுத்திருக்கிறீர்கள். அப்போது கழிவைத் தயிரிலிருந்து எடுத்து, இதுவரை வாங்காத நெய்க்கு மாற்றுங்கள்.

75,000இல் முதலில் 40,000க்கு மேல் தொடாதீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய கிழமையில் தொடங்கவும் வேண்டாம். அந்த நேரம் தயிர் தானாகவே முடியும், கேம் வேலை செய்ததா என்று தெரியாமல் போகும்.

பட்டிருப்புப்_பாலம்:

சரி, கல்முனையை நிறுத்தி வைக்கிறேன். மூடிக் கடதாசி மாதிரி ஒன்று அச்சடித்து, நிரப்பிய சட்டியில் கட்டி, ஐஸ் பெட்டியில் இரண்டு மணித்தியாலம் வைத்து, மூன்று பழைய போனில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.